பேரு இருக்கு... ஆளு வேற!

நீங்க எந்த டிபார்ட்மென்ட்டா வேணா இருங்க. லேப்டாப்ல ஒரு வேலை ஆமை வேகத்துல ஓடுது. பக்கத்து சீட்டு புண்ணியவான் எட்டிப் பார்த்து, "இந்த ஒரே ஒரு வார்த்தையை மாத்து... நாலு மடங்கு ஸ்பீடு!"ன்னு சொல்றான். மாத்துவீங்களா, மாட்டீங்களா?

கண்டிப்பா மாத்துவீங்க. நானும் மாத்தினேன். அப்புறம் எங்க வீட்டுத் திண்ணையில தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதைதான் இது.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். கீழவாஞ்சூர். காரைக்கால் மாவட்டத்தோட தெற்கு ஓரம். ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்தா தமிழ்நாடு வந்துடும், நாகூர் வந்துடும். காலேஜ்ல "எந்த ஊரு?"ன்னு கேட்டு நான் "வாஞ்சூர்"னு சொன்னா, பசங்க மூஞ்சியில ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். எல்லையில இருக்கற கடைங்க அவ்வளவு ஃபேமஸ்! ஆனா பாஸ், கடைங்களுக்குப் பின்னாடி ஒரு ஊரு இருக்கு. கடல் இருக்கு. 2009-லேர்ந்து துறைமுகம் இருக்கு. வலை காயப்போடற மணல் இருக்கு. எங்கப்பா ஃபைபர் போட்ல தொழிலுக்குப் போறவர்.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலையில சுனாமி வந்தப்ப நான் எங்கம்மா வயித்துல இருந்தேன். அதனால அந்த நாளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மத்தவங்க சொன்னது. போனவங்க யாரையும் நான் பார்த்ததில்லை. இதை ஞாபகம் வச்சுக்கங்க. கதையில இதுதான் முக்கியம்.

நாப்பத்து சொச்சம் முகம்

2024 டிசம்பர் வந்துச்சுன்னா இருபது வருஷம். நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை, காரைக்கால்னு அங்கங்க இருக்கற எங்க சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து, "நம்ம வகையறாவுல போனவங்க படத்தையெல்லாம் ஒரே பேனரா போட்டு, கீழே பேரு எழுதி வைப்போம்"னு முடிவு பண்ணினாங்க. நான் அப்ப செகண்ட் இயர். "நம்ம வீட்டுலயே கம்ப்யூட்டர் படிக்கற புள்ள இருக்கே!"ன்னு பெரியப்பா வேலையை என் தலையில கட்டிட்டார்.

போட்டோ வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லணும். சிலது ஸ்டூடியோவுல எடுத்த பெரிய கல்யாணப் படம். சிலது ரேஷன் கார்டுல ஒட்டினதோட மிச்சம், ஸ்டாம்ப் சைஸ். தண்ணி பட்டு பாதி வெளுத்துப்போனது சிலது. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணினேன். 01, 02, 03-ன்னு நம்பர் வச்சு ஒரு ஃபோல்டர்ல போட்டேன். (வெறும் 1, 2, 3-ன்னு வச்சா 10-ம் நம்பர் போய் 2-க்கு முன்னாடி நின்னுக்கும். அதுல நான் உஷார்!) பெரியப்பா நோட்டுல எழுதித் தந்த பேரையெல்லாம் அதே வரிசையில தனியா ஒரு ஃபைல்ல டைப் பண்ணினேன். முதல் படத்துக்கு முதல் பேரு, ரெண்டாவது படத்துக்கு ரெண்டாவது பேரு. சிம்பிள்!

இதை மவுஸைப் பிடிச்சு ஒவ்வொண்ணா பண்ணினா நாலு நாள் ஆகும். அதனால ஷெல்லுல ஸ்கிரிப்ட் எழுதினேன். ஷெல்னா, கறுப்புத் திரையில டைப் பண்ணுவோமே, அதேதான். நான் வச்சிருக்கறது நூஷெல். 2019-ல வெளியில வந்தது, ரஸ்ட் மொழியில எழுதினது. பழைய பாஷ் மாதிரி எல்லாத்தையும் வெறும் எழுத்தா பார்க்காம, டேபிள், லிஸ்ட்னு புரிஞ்சு வேலை பார்க்கும். அதுல 'ஈச்'னு ஒரு கட்டளை. ஒரு லிஸ்ட்டைக் கொடுத்து, "ஒவ்வொண்ணுக்கும் இந்த வேலையைப் பண்ணு"ன்னு சொன்னா, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையா பண்ணிக் கொடுக்கும். ப்ளஸ் ஒன் கணக்குல மேப்பிங் படிச்சோமே, இந்தப் பக்கத்துல ஒண்ணு, அந்தப் பக்கத்துல ஒண்ணு, நடுவுல அம்புக்குறி... அதேதான்.

என் ஸ்கிரிப்ட் இவ்வளவுதான்: ஃபோல்டர்ல இருக்கற படங்களை எடு, ஒவ்வொண்ணையும் சுத்தம் பண்ணி ஒரே சைஸ் ஆக்கு, வந்த லிஸ்ட்டையும் பேரு லிஸ்ட்டையும் 'ஜிப்' பண்ணு, அதாவது பேன்ட் ஜிப் மாதிரி பல்லுக்குப் பல்லு கோத்துவிடு. அப்புறம் படத்துக்குக் கீழே பேரை அச்சடி. இமேஜ்மேஜிக்ல தமிழ் எழுத்து அடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துச்சு. 'கொ'-ன்னு போட்டா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிக்கும். பாங்கோ வழியா அடிச்சப்பதான் ஒழுங்கா வந்துச்சு. அதை ஜெயிச்சதும் எனக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு. இனிமே என்ன தப்பு வந்துடப்போகுது?

ஒரே ஒரு வார்த்தை

டிசம்பர் 24 சாயங்காலம். மறுநாள் கிறிஸ்துமஸ், ஃப்ளெக்ஸ் கடை லீவு. அன்னிக்கு ராத்திரிக்குள்ள ஃபைல் கொடுத்தாகணும். வெளுத்த படத்தையெல்லாம் தெளிவாக்கற ஒரு புரோகிராமைச் சேர்த்திருந்தேன். என் பழைய லேப்டாப்ல ஒரு பெரிய படத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம் இழுத்துச்சு. மொத்தமா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அப்பதான் ஃப்ரெண்டு போன்ல சொன்னா: "ஏண்டி ஈச் போட்டு சாகறே? பார்-ஈச்னு மாத்து. நாலு கோரும் சேர்ந்து வேலை பார்க்கும்."

'பார்' அப்படின்னா பேரலல். (வாஞ்சூர்க்காரி 'பார்'னு சொன்னாலே சிரிக்காதீங்கப்பா!) ஒரு படம் முடியட்டும்னு காத்திருக்காம, நாலு படத்தை ஒரே நேரத்துல எடுத்துக்கும். முதல்ல மூணு படத்தை வச்சு டெஸ்ட் பண்ணினேன். ஈச் கொடுத்த அதே ரிசல்ட். ஒரு இம்மி மாறலை. ஆஹான்னு மொத்தத்தையும் ஓட்டினேன். ஃபேன் விமானம் கிளம்பற மாதிரி கத்துச்சு. அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. எல்லாப் படமும் இருக்கு, எல்லாப் பேரும் இருக்கு, பார்க்க அம்சமா இருக்கு. நாகூருக்கு ஓடிப்போய் ஏ4 ஷீட்டுல ஒரு சாம்பிள் பிரிண்ட் எடுத்துக்கிட்டு வந்தேன்.

வீட்டுல சின்ன ஆயா உட்கார்ந்திருந்தாங்க. எங்க அப்பாவோட சித்தி. அந்த ஞாயித்துக்கிழமை அவங்க பையன் போயிட்டார். எனக்கு சித்தப்பா முறை. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"என் புள்ளை எங்க இருக்கான், பாப்பா? பேரைப் படிச்சுக் காட்டு."

நான் பெருமையா விரல் வச்சு, "இதோ ஆயா"ன்னு பேரைப் படிச்சேன்.

ஆயா ஷீட்டைக் கிட்டக்க வச்சுப் பார்த்தாங்க. தள்ளி வச்சுப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க.

"பேரு இருக்கு... ஆளு வேற, பாப்பா."

திட்டியிருந்தா பரவாயில்லை. அழுதிருந்தாகூட சமாளிச்சிருப்பேன். அவங்க அந்த ஷீட்டுல வேற வேற மூஞ்சியெல்லாம் விரலால தடவிக்கிட்டே போய், நாலாவது வரிசையில ஒரு படத்துல நிறுத்தினாங்க. "இவன்தான்." கீழே இருந்தது யாரோ ஒரு அத்தையோட பேரு.

நாப்பத்து சொச்சத்துல சரியா இருந்தது மூணோ நாலோ. எனக்கு எழுத்துத் தெரியும், முகம் தெரியாது. ஆயாவுக்கு முகம் தெரியும், எழுத்துத் தெரியாது. ஆயா கேட்காம இருந்திருந்தா அது அப்படியே பத்தடி பேனரா போயிருக்கும். யோசிச்சாலே வயித்தைக் கலக்குது.

என்ன நடந்துச்சு?

பதில் ரொம்ப சாதாரணம். ஈச் வரிசையைக் காப்பாத்தும். பார்-ஈச் அந்த வாக்குறுதியைக் கொடுக்கலை. எந்த வேலை முதல்ல முடியுதோ, அது முதல்ல வெளியில வந்துடும். ரேஷன் கார்டு சைஸ் படமெல்லாம் சில நொடியில முடிஞ்சு முன்னாடி ஓடி வந்துடுச்சு. பெரிய கல்யாணப் படமெல்லாம் மூச்சு வாங்கிக்கிட்டு கடைசியில வந்துச்சு. என் பேரு லிஸ்ட் மட்டும் அப்பாவியா பழைய வரிசையிலயே நின்னுச்சு. ஜிப் என்ன பண்ணும்? இருக்கறதைக் கோத்துவிட்டுடுச்சு.

அப்ப டெஸ்ட்டுல ஏன் சரியா வந்துச்சு? மூணு படமும் ஏறக்குறைய ஒரே சைஸ். ஒண்ணா கிளம்பி, கிளம்பின வரிசையிலயே முடிஞ்சிருக்கு. அது அதிர்ஷ்டம். நான் அதைப் போய் ஆதாரம்னு நினைச்சுட்டேன்.

எரர் எதுவும் வரலை, சிவப்பு எழுத்து வரலை. நம்ம லேபுல புரோகிராம் கிராஷ் ஆனா பயப்படறோம் இல்லையா? கிராஷ் ஆகறது நல்லது பாஸ். அது கத்திச் சொல்லுது. சிரிச்ச மூஞ்சியோட தப்பான விடை தர்றதுதான் ஆபத்து.

சரி, அடுத்து நான் பண்ணின காரியத்தைக் கேளுங்க. பயத்துல "பேரலலே வேண்டாம் சாமி"ன்னு பழையபடி ஈச்சுக்கே ஓடிட்டேன். பெரிய படங்களை மட்டும் முன்னாடியே சின்னதாக்கி வச்சுக்கிட்டேன். ஒரு ஸ்கேன் ஃபைல் கெட்டுப்போயிருந்துச்சு. அதுக்காக, "படம் நல்லா இருந்தா மட்டும் இதைப் பண்ணு"ன்னு ஒரு இஃப் போட்டேன். எல்ஸ் போடலை. ஓட்டினேன். முதல் பாதி வரைக்கும் பேரும் படமும் ஆயா சொன்னபடி கச்சிதம். அப்புறம் பார்த்தா... மறுபடியும் தப்பு! இந்தத் தடவை ஒவ்வொருத்தருக்கும் அடுத்தவங்க பேரு.

காரணம், நான் வச்சிருந்த நூஷெல்லுல, ஈச்சுக்குள்ள ஒரு வேலை வெறுங்கையோட திரும்பி வந்தா, அந்த இடத்தைக் காலியா விடாது. அந்த வரியையே தூக்கிடும். கெட்டுப்போன ஒரு படம் காணாமப் போக, அதுக்குப் பின்னாடி இருந்தவங்க எல்லாம் ஒரு அடி முன்னாடி நகர்ந்துட்டாங்க. ஜிப், ரெண்டு லிஸ்ட்டுல சின்னது முடிஞ்ச உடனே நின்னுடும். அதனால கடைசிப் பேரு சத்தமில்லாம அவுட். காலி இடத்தையும் வச்சுக்கோன்னு சொல்ல 'கீப் எம்ப்டி'ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. சுருக்கமா மைனஸ் கே.

இதுல காமெடி என்ன தெரியுமா? பார்-ஈச்சுலயும் மைனஸ் கே இருக்கு. ஆனா அங்க அதுக்கு அர்த்தம் 'கீப் ஆர்டர்', வரிசையைக் காப்பாத்து! அண்ணன் தம்பி மாதிரி ரெண்டு கட்டளை, ஒரே எழுத்து, ரெண்டு அர்த்தம். ஒரு வார்த்தையை மாத்தறப்ப மைனஸ் கே-யை அப்படியே விட்டுட்டா, வரிசையைப் பத்தின பேச்சு காலி இடத்தைப் பத்தின பேச்சா மாறிடும்.

அப்பா கேட்ட கேள்வி

மணி ஒன்பது. திண்ணையில உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து "என்னம்மா ஆச்சு?"ன்னாரு. படம் முன்னும் பின்னுமா திரும்பி வந்துடுச்சுன்னு சொன்னேன். அவரு யோசிக்கவே இல்லை.

"போட்டெல்லாம் ஒண்ணாத்தான் போவுது. கிளம்பின வரிசையிலயா கரைக்கு வருது? பாடு கிடைச்சவன் முன்னாடி வருவான், வலை சிக்கினவன் மதியம் வருவான். யாரு போட்டுன்னு நம்பரைப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போவுது. உன் படத்துல நம்பர் இல்லியா?"

ஃபைபர் போட்டோட பக்கத்துல பெயின்ட்ல எழுதியிருக்கும் பார்த்திருப்பீங்க. எங்க பக்கத்து போட்டுன்னா ஐஎன்டி, பிஒய்னு தொடங்கற பதிவு நம்பர். எந்த நேரத்துல வந்தாலும், எந்த வரிசையில வந்தாலும் அது யாரு போட்டுன்னு குழப்பமே வராது. ஏன்னா அடையாளம் வர்ற வரிசையில இல்லை. போட்டு மேலயே இருக்கு.

நான் என்ன பண்ணியிருந்தேன்? முகத்தை ஒரு லிஸ்ட்டுல அனுப்பிட்டு, பேரைக் கரையிலயே நிறுத்தி வச்சிருந்தேன். 'திரும்பி வர்றப்ப வரிசையாத்தானே வருவாங்க'ன்னு நம்பிக்கிட்டு.

உடனே ஸ்கிரிப்ட்டை மாத்தினேன். நம்பர், ஃபைல், பேரு மூணையும் ஒரே டேபிள்ல போட்டேன். இப்ப ஒவ்வொரு வரியும் தன்னோட பேரைத் தானே சுமந்துக்கிட்டுப் போகும். வேலை முடிஞ்சு திரும்பினதும் நம்பர்படி அடுக்கிக்கலாம். படம் கெட்டுப்போனா வரியைத் தூக்காம, "படம் கிடைக்கலை"ன்னு எழுதி அனுப்பு. ஜிப்புக்கு வேலையே இல்லை. இந்தத் தடவை தைரியமா பார்-ஈச் போட்டேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, பார்-ஈச்சுல 'கீப் ஆர்டர்' போட்டா உள்ளுக்குள்ள நடக்கறதும் கிட்டத்தட்ட இதேதான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பரை ஒட்டி அனுப்பி, எல்லாம் திரும்பி வந்ததும் நம்பர்படி அடுக்கித் தருது. எங்கப்பா சொன்ன அதே ஐடியா! (அவருகிட்ட சொன்னேன். "இதுக்குப் போயி நாலு வருஷம் படிக்கறீங்களா?"ன்னு கேட்டாரு. விடுங்க.)

இன்னொண்ணும் புரிஞ்சுது. ஆரம்பத்துல ஈச்சுக்குள்ள, வெளியில இருக்கற ஒரு கவுன்ட்டரை ஒவ்வொண்ணா கூட்டப் பார்த்தேன். நூஷெல் "முடியாது"ன்னு மறுத்துடுச்சு. வெளியில இருக்கற, மாறக்கூடிய வேரியபிளை உள்ளே இருக்கற அந்தச் சின்ன வேலை தொடக்கூடாதாம். "என்னடா இது ரொம்பப் பண்ணுது"ன்னு அன்னிக்குத் திட்டினேன். யோசிச்சா, அந்தக் கட்டுப்பாடு நம்ம நல்லதுக்குத்தான். நாலு கோரும் ஒரே கவுன்ட்டரைப் பிடிச்சு இழுத்தா என்ன ஆகும்? ஈச்சை பார்-ஈச்சா மாத்தினாலும் வேலை கெட்டுடக்கூடாதுன்னு அந்த வாசலை முன்னாடியே அடைச்சு வச்சிருக்காங்க. அடைக்காம விட்ட வாசல் வரிசை. நான் சரியா அது வழியாத்தான் போய் விழுந்தேன்.

நான் மட்டுமா?

இல்லை ஃப்ரெண்ட்ஸ். இந்தப் பள்ளம் எல்லா மொழியிலயும் இருக்கு. நீங்க நாளைக்கு பிராஜெக்ட்ல விழுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கங்க.

முதல் கேள்வி: வரிசை மாறுமா? ஜாவாவுல 2014-ல வந்த 8-வது வெர்ஷன்லேர்ந்து பேரலல் ஸ்ட்ரீம் இருக்கு. அதுல ஃபார்-ஈச் போட்டா வரிசைக்கு கேரன்ட்டி கிடையாது. ஃபார்-ஈச்-ஆர்டர்டுன்னு தனியா ஒண்ணு போடணும். பைத்தான்ல மல்ட்டிபிராசஸிங் பூல்ல 'மேப்' போட்டா வரிசையா வரும். 'ஐமேப் அன்ஆர்டர்டு' போட்டா முடிஞ்சது முதல்ல வரும். இது எனக்குப் பிடிச்சிருக்கு. வரிசை இல்லைங்கறதைப் பேருலயே நெத்தியில எழுதி ஒட்டிட்டாங்க!

ரெண்டாவது கேள்வி: தோத்துப்போனா என்ன ஆகும்? பாஷ்ல ஃபார் லூப் போட்டு பத்து வேலை கொடுங்க. ஒன்பது தோத்து, கடைசி ஒண்ணு ஜெயிச்சா, லூப் மொத்தமும் ஜெயிச்ச மாதிரி காட்டும். கடைசியா ஓடின கட்டளையோட ரிசல்ட்தான் லூப்போட ரிசல்ட். அதே பத்து வேலையை எக்ஸ்ஆர்க்ஸ்கிட்ட கொடுத்தா, பொதுவா ஒண்ணு தோத்தாலும் 123-ன்னு ஒரு நம்பரைக் காட்டும். க்னூ பேரலல்னு ஒரு கருவி இருக்கு. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே டாங்கே எழுதினது, 2010-ல க்னூ திட்டத்துல சேர்ந்துச்சு. அது எத்தனை வேலை தோத்துச்சோ அந்த எண்ணிக்கையையே திருப்பித் தரும் (நூறு வரைக்கும், அதுக்கு மேலன்னா 101). ஒரே பத்து வேலை, மூணு பதில். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பசங்க ஆர் மொழியில எல்-அப்ளை போட்டா, முதல் தப்புலயே நின்னு கத்தும். அதோட பேரலல் தம்பி எம்சி-எல்-அப்ளை போட்டா நிக்காது. தப்பையும் ஒரு விடையா லிஸ்ட்டுல வச்சுக் கொடுத்துட்டு, ஒரு வார்னிங்கோட போயிடும். அந்த வார்னிங்கை எவன் படிக்கறான்?

மூணாவது கேள்வி: பேச்சு கலக்குமா? எக்ஸ்ஆர்க்ஸ்ல நாலு வேலையை ஒண்ணா ஓட்டி, நாலும் திரையில எழுத ஆரம்பிச்சா, ஏலத்துல நாலு பேரு ஒரே நேரத்துல கத்தற கதைதான். ஒருத்தன் வாக்கியத்துக்கு நடுவுல இன்னொருத்தன் புகுந்துடுவான். க்னூ பேரலல், சும்மா ஓட்டினாலே ஒரு வேலையோட பேச்சை முழுசா சேர்த்து வச்சுத்தான் வெளியில விடும். அதுலயும் வரிசை வேணும்னா மைனஸ் கே. ஆமாம், இங்கயும் 'கீப் ஆர்டர்'தான்!

இந்த மூணுக்கும் சேர்த்து ஒரு டெஸ்ட் சொல்றேன். இப்ப நான் எல்லா ஸ்கிரிப்ட்டுக்கும் இதைப் பண்றேன். ஒரே வேலையை வரிசையா ஒரு தடவை, பேரலலா ஒரு தடவை ஓட்டுங்க. ரெண்டு ரிசல்ட்டும் சமமான்னு கம்ப்யூட்டரையே கேளுங்க. கண்ணை நம்பாதீங்க. முக்கியமா, உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ஸ்லீப் போட்டு, வேணும்னே கன்னாபின்னான்னு லேட் பண்ணுங்க. சிலது அரை செகண்ட், சிலது மூணு செகண்ட். நடுவுல ஒரு கெட்டுப்போன ஃபைலையும் சொருகுங்க. அதுக்கப்புறமும் ரெண்டும் சமமா வந்துச்சுன்னா, அப்ப வார்த்தையை மாத்துங்க. அன்னிக்கு நான் மூணு படத்துக்குப் பதிலா, ஒரு பெரிய படம், ஒரு ஸ்டாம்ப் சைஸ் படம், ஒரு கெட்டுப்போன படம்னு எடுத்திருந்தா மூணே நிமிஷத்துல குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பேரலல் தப்புன்னு நான் சொல்லலை. அது இல்லாம அன்னிக்கு என் வேலை முடிஞ்சிருக்காது. நான் சொல்றது இதுதான்: ஒரே ஒரு வார்த்தையை மாத்தறோம்னா, மத்ததெல்லாம் மாறாதுன்னு யாரு நமக்கு வாக்குக் கொடுத்தாங்க? அந்த வாக்கு கருவியில எழுதியிருக்கான்னு படிச்சுப் பாருங்க. எழுதியிருக்கலைன்னா, நம்ம டேட்டாவுலயே அடையாளத்தை ஒட்டி அனுப்புங்க. அப்ப ஈச்சோ, பார்-ஈச்சோ, எது போட்டாலும் ஒரே விடை.

பதினொரு மணி

புது சாம்பிளை ஆயாகிட்ட கொண்டுபோனேன். இந்தத் தடவை நான் பேரைப் படிச்சேன், அவங்க முகத்தைப் பார்த்தாங்க. ஒவ்வொண்ணா. இது சீக்வென்ஷியல் வேலை பாஸ், பேரலல் எல்லாம் பண்ண முடியாது. சில பேரைப் படிச்சதும் "ம்"னாங்க. சில பேருக்கு ஒரு கதையே சொன்னாங்க. இவ நல்லா பாடுவா, இவன் அந்த வாரம்தான் புது வலை வாங்கினான், இவரு உங்கப்பனுக்கு நீச்சல் கத்துக்கொடுத்தவரு. இருபது வருஷமா எனக்கு வெறும் பேரா இருந்தவங்க, அந்த ஒரு மணி நேரத்துல ஆளா வந்து நின்னாங்க.

கெட்டுப்போன அந்தப் படத்துக்கு வேற காப்பி கிடைக்கலை. பேரை மட்டும் போட்டு, மேலே கட்டத்தை வெறுமையா விடவான்னு கேட்டேன். "விடு பாப்பா. அந்த இடம் அவளுக்குத்தான். வேற யாரையும் அதுல நவுத்திடாதே"ன்னாங்க.

கடைக்காரர் எனக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வச்சுக்கிட்டுக் காத்திருந்தார். பென்டிரைவைக் கொடுத்துட்டு வர்றப்ப மணி பதினொண்ணு.

26-ம் தேதி காலையில பேனர் நின்னுச்சு. சின்ன ஆயா நேரா நாலாவது வரிசைக்குப் போயி, அவங்க பையன் மூஞ்சியைத் தொட்டுட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "படி"ன்னாங்க. படிச்சேன். தலையை ஆட்டிக்கிட்டாங்க.

இதுவரைக்கும் நான் எழுதின புரோகிராம் எதுக்கும் அதைவிடப் பெரிய டெஸ்ட் வந்ததில்லை. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு டெஸ்ட் வரும். அப்ப நீங்க அதிர்ஷ்டத்துல பாஸ் ஆகக்கூடாது... சரியா?